ஏழு மில்லிமீட்டர் விதியும் தலைமேல் கேமராவும்

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் சைக்கிள் ஹெல்மெட் எதுவானாலும், அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டாக வேண்டும். 1999 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் அந்த விதிகளில், ஹெல்மெட்டின் மேற்பரப்பைப் பற்றி ஒரு சின்னக் கட்டளை உண்டு. மேற்பரப்போடு இழைந்து சரியாமல் 7 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் எதுவும், அடிபட்டவுடன் ஒடிந்து விழ வேண்டும்; இல்லையென்றால் நசுங்க வேண்டும். உட்புறத்துக்கு இன்னும் கறார். அங்கே 2 மில்லிமீட்டருக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மலைச்சரிவுகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் தலையில் இன்று சர்வசாதாரணமாகக் காணப்படும் கோப்ரோ கேமராவை இந்த அளவோடு வைத்துப் பார்க்கலாம். ஹீரோ 12 மாடலின் உயரம் 50.8 மி.மீ., எடை 154 கிராம். ஒட்டுப் பட்டையும் திருகு வைத்த கால்களும் அடியில் சேர்ந்தால், ஹெல்மெட்டின் உச்சியிலிருந்து ஏழு சென்டிமீட்டர் எழுந்து நிற்கும். விதி சொல்வதைப்போலப் பத்து மடங்கு! இதில் சட்டமீறல் ஒன்றும் இல்லை. விதி கட்டுப்படுத்துவது தயாரிப்பாளரை. கடையிலிருந்து வாங்கி வந்தபின் உச்சியில் எதை ஒட்டிக்கொள்கிறோம் என்று ஆணையம் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் ஹெல்மெட் சோதனையில் தேறியது கேமரா இல்லாத நிலையில்தான். கேமராவை ஒட்டிய பின் அது யாரும் சோதிக்காத வேறொரு பொருள்.

இந்தக் கவலை உலகத்தின் காதில் விழுந்தது சைக்கிளால் அல்ல, பனிச்சறுக்கால். 2013 டிசம்பர் 29 அன்று பிரெஞ்சு ஆல்ப்ஸின் மெரிபெல்லில், முன்னாள் ஃபார்முலா ஒன் வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பாறையில் மோதி விழுந்தார். தலையில் ஹெல்மெட் இருந்தது, ஹெல்மெட்டில் கேமராவும் இருந்தது. ஹெல்மெட் உடைந்தது, கேமராவில் பதிவான காட்சி விசாரணைக்கு உதவியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சு பத்திரிகையாளர் ஒருவர், காயத்தின் கடுமைக்குக் காரணம் அந்தக் கேமராதான் என்று வானொலியில் பேச, கோப்ரோ நிறுவனத்தின் பங்கு விலை மளமளவென்று சரிந்தது. அது தன்னுடைய கருத்து மட்டுமே என்று பிறகு அவரே விளக்கம் சொன்னார். கேமராவின் பங்கு இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அதனால் ஷூமாக்கரைச் சாட்சிக்கு இழுப்பதை விட்டுவிட்டு, ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதே நல்லது.

சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது நாம் டிவி பெட்டியைப் பிரிக்கும்போது குப்பையில் போடும் அதே தெர்மாகோல்தான். கொஞ்சம் கெட்டியான ரகம். அதன் பெரும்பகுதி காற்று. மேலே மெல்லிய பாலிகார்பனேட் ஓடு. தலை தரையில் மோதும்போது இந்த நுரை நசுங்கிக்கொடுக்கிறது, திரும்ப எழும்புவதில்லை. பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போடச் சொல்வது அதனால்தான்.

நசுங்குவதில் என்ன லாபம்? ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1078, ஹெல்மெட்டை நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பின்மேல் விழவைக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் அது. தலை 2 சென்டிமீட்டர் தூரத்துக்குள் சீராக நின்றால், அது உணரும் வேகத்தடை புவியீர்ப்பைப்போல 75 மடங்கு. அதே தலை இரண்டரை மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் 600 மடங்கு. தரநிலை அனுமதிக்கும் உச்சம் 250. உயிருக்கும் சாவுக்கும் இடையே இருப்பது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் தெர்மாகோல் என்றால் மிகையில்லை.

கேமரா இந்தக் கணக்கில் இரண்டு விதமாகக் குறுக்கே வரலாம். அதன் அடிப்பட்டை சின்னது, கெட்டியானது. பாறை கேமராவைத் தாக்கினால், ஓடு முழுவதும் பரவ வேண்டிய விசை அந்தச் சின்ன இடத்தில் குவிந்து, அங்கே நுரை மட்டும் அடிமட்டம்வரை நசுங்கிப்போகும். நேர்மாறாகவும் நடக்கலாம். கேமராவின் பிளாஸ்டிக் நொறுங்கி, பட்டை பெயர்ந்து, விசையில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்ளலாம். எது நடக்கும் என்பது அடியின் கோணத்தையும் மாட்டியிருக்கும் விதத்தையும் பொறுத்தது. ஆகவே ‘தலையில் கேமரா என்றால் மண்டை பிளக்கும்’ என்ற பேச்சும் எனக்கு ஒப்பவில்லை, ‘ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சும் ஒப்பவில்லை.

நேரடி அடியைவிட எனக்கு அதிகம் உறுத்துவது திருகல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர், நரம்பறுவை மருத்துவர் ஹியூ கெயர்ன்ஸோடு சேர்ந்து தலைக்காயங்களை ஆராய்ந்தார். 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த டி.இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் கெயர்ன்ஸ். இராணுவத்தின் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட் வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. ஹோல்போர்ன் ஜெலட்டினால் மூளை வடிவம் செய்து சுழற்றிப் பார்த்தார். மூளையை நேராக அழுத்துவதைவிடச் சட்டென்று சுழற்றுவதுதான் அதைக் கிழிக்கிறது என்று 1943-இல் எழுதினார். பானையை வெடுக்கென்று திருப்பினால் உள்ளே இருக்கும் தயிர் கூடவே திரும்புவதில்லை. மண்டைக்குள்ளும் அதே கதை.

ஹெல்மெட்டை வழுவழுவென்று உருண்டையாகச் செய்வதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. தரையில் சாய்வாக விழும்போது அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எதிலும் மாட்டிக்கொண்டு தலையைத் திருகக் கூடாது. சுவீடனில் நரம்பறுவை மருத்துவர் ஹான்ஸ் ஃபான் ஹோல்ஸ்டும் பொறியாளர் பீட்டர் ஹால்டினும் 1990-களில் தொடங்கிய ஆய்வு ‘மிப்ஸ்’ என்ற உள்ளடுக்காக இன்று பல ஹெல்மெட்டுகளில் இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் கூடு. மோதலின்போது பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் வழுக்கிக்கொடுத்துச் சுழற்சியைக் குறைக்கும். அந்தப் பத்து மில்லிமீட்டர் வழுக்கலுக்காகக் கூடுதல் பணம் கொடுத்து ஹெல்மெட் வாங்கிவிட்டு, அதன் உச்சியிலேயே ஏழு சென்டிமீட்டர் கொக்கி ஒன்றை நட்டுவைக்கிறோம்!

கொக்கி என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. காட்டுப் பாதையில் தாழ்ந்த கிளை வரும்போது ஓட்டுகிறவர் அளவெடுத்துக் குனிவதில்லை. தன் தலை எங்கே முடிகிறது என்று அவர் உடம்புக்குத் தெரியும். 1911-இல் ஹென்றி ஹெட், கோர்டன் ஹோம்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர்கள், நம் மூளை உடம்பைப் பற்றி ஒரு வரைபடம் வைத்திருக்கிறது, அது தோலோடு நின்றுவிடுவதில்லை என்று விளக்கினார்கள். அவர்கள் கொடுத்த உதாரணம் அக்காலத்துச் சீமாட்டியின் தொப்பியில் செருகிய இறகு. அதன் நுனிவரை அவள் உடலுணர்வு நீளுமாம். பழகப் பழக வருவது அது. ஹெல்மெட்டின் விளிம்பு ஒரு மவுண்டன் பைக்காரரின் வரைபடத்தில் எப்போதோ ஏறிவிட்டது. வாரத்தில் ஒருநாள் மட்டும் மாட்டும் கேமரா ஏறியிருக்காது. பழைய கணக்கில் குனிகிறார். தலை தப்பிக்கிறது, கேமரா கிளையில் மாட்டுகிறது. சைக்கிள் முன்னே போக, கழுத்து பின்னே இழுபடுகிறது.

அப்போது கேமரா கழன்றுகொண்டால் பிழைத்தோம். 2013-இல் வந்த பெல் சூப்பர் ஹெல்மெட்டில், அழுத்தம் வந்தால் பிரிந்துகொள்ளும் கேமரா தாங்கி இருந்தது. கொள்கை எளியது: ஹெல்மெட்டுக்கும் கேமராவுக்கும் இடையில் ஏதாவது ஒன்று பலவீனமாக இருக்க வேண்டும். ஆனால் ஓட்டுகிறவர் மனம் எதிர்த்திசையில் வேலை செய்யும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கேமரா புதருக்குள் போய்விட்டால்? ஒட்டுப் பட்டையை நம்பாமல் காற்றுத் துளைகளின் வழியே நாடாவை விட்டு இறுக்கிக் கட்டுகிறார். மேலும் இரண்டு கேபிள் டை. அதற்கும் மேல் ஒரு பாதுகாப்புக் கயிறு. இந்தக் கட்டுகள் ஒவ்வொன்றும் கேமராவைக் காப்பாற்றுகிறது. கிளை இழுக்கும்போது ஒடிய வேண்டியது இனி கழுத்தா கேமராவா என்பதில் கேமராவின் பக்கம் நிற்கிறது. கயிற்றில் தொங்கும் கேமரா முகத்தில் வந்து அடிக்கும் வாய்ப்பு வேறு.

ஃபார்முலா ஒன் இதை வேறு வழியில் தீர்த்தது. 2023 முதல் எல்லா ஓட்டுநர்களின் ஹெல்மெட்டிலும் கேமரா கட்டாயம். ஆனால் அது நகத்தளவுக் கேமரா. கண்ணுக்குப் பக்கத்தில், உள் மெத்தைக்குள் புதைந்திருக்கும். வெளியே எதுவும் நீட்டாது. மோட்டார் சைக்கிள் உலகில் சட்டமே தலையிடுகிறது. 2022-இல் கேரள மோட்டார் வாகனத் துறை, ஹெல்மெட்டில் கேமரா பொருத்தி ஓட்டினால் அபராதம், உரிமமும் முடக்கம் என்று அறிவித்தது. மலைப்பாதையில் சைக்கிள்காரரைக் கேட்கப் போலீஸ் கிடையாது.

தலை வேண்டாம் என்றால் மார்பு. பட்டையில் மாட்டினால் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரும் காட்சிக்குள் வரும், வேகம் நன்றாகத் தெரியும். பலருக்கும் பிடித்த கோணம். குப்புற விழுந்தால் விலா எலும்புக்கும் பாறைக்கும் நடுவே ஒரு கெட்டிப் பெட்டி இருக்கும் என்பதுதான் சங்கடம். வாயில் கடித்துக்கொள்ளும் தாங்கியும் விற்கிறார்கள். பல்லுக்கு நல்லதல்ல என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பெட்டியை எங்கே மாட்டினாலும் மாறாத ஒன்று உண்டு. அது பார்வையாளர் கூட்டத்தைக் கூடவே அழைத்துவருகிறது. கூட்டம் மனிதனை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சியே சைக்கிளில்தான் தொடங்கியது. 1898-இல் அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தயப் பதிவேடுகளைப் புரட்டினார். தனியே கடிகாரத்தோடு போட்டி போடுகிறவரைவிட, பக்கத்தில் ஆளோடு ஓட்டுகிறவர் வேகமாகப் போகிறார். காற்றுத் தடுப்பும் ஒரு காரணமாக இருக்கலாமே என்று யோசித்து, குழந்தைகளை மீன்பிடி ராட்டினம் சுற்றவைத்துச் சோதித்தார். சமூக உளவியலின் முதல் சோதனை என்று பாடநூல்கள் இதைக் கொண்டாடுகின்றன. அவருடைய எண்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல என்று பின்னால் வந்தவர்கள் சொன்னாலும் கேள்வி நிலைத்துவிட்டது.

விடையை 1965-இல் உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் கூர்மையாக்கினார். பார்க்க ஆள் இருந்தால் எது நமக்குக் கைவந்ததோ அது மேலும் நன்றாக வரும். எது கைவரவில்லையோ அது மேலும் சொதப்பும். நான்கு ஆண்டுகள் கழித்து அவரும் கூட்டாளிகளும் இதைக் கரப்பான்பூச்சிகளிடம் சோதித்தார்கள். வெளிச்சத்தைக் கண்டு இருட்டுக்கு ஓடும் கரப்பான், ஓடும் பாதையின் இருபுறமும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டிகள், அவற்றுள் வேடிக்கை பார்க்கும் வேறு கரப்பான்கள்! நேர்ப்பாதையில் ஓடியவை பார்வையாளர் முன்னிலையில் வேகமாக ஓடின. திரும்பி வழி கண்டுபிடிக்க வேண்டிய பாதையில் ஓடியவை தாமதமாயின. கரப்பானுக்கே இந்தப் பாடு.

அதே ஷூமாக்கர் ஆண்டில், 2013 அக்டோபரில், அமெரிக்காவின் யூட்டா மாநிலச் செம்பாறைகளில் நடந்த ரெட் புல் ராம்பேஜ் போட்டியில், நியூசிலாந்துக்காரர் கெல்லி மெக்கேரி 72 அடிப் பள்ளத்தின் மேல் சைக்கிளோடு பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்துக் கடந்தார். அவருடைய கேமரா பதிந்த காட்சி யூடியூபில் கோடிக்கணக்கானோர் பார்த்தது. அவருக்கு அந்தக் கரணம் கைவந்த வித்தை. பார்வையாளர் கூட்டம் அவரைத் தூக்கிவிட்டிருக்கும். வீடியோ பார்த்துவிட்டு, முதல்முறையாக ஒரு குதிப்பைக் கேமராவை இயக்கிவிட்டுச் செய்துபார்க்கிற இளைஞன், திருப்பமுள்ள பாதையில் ஓடிய கரப்பான். அனுபவசாலிகள் பலர் புதுப் பாதையின் முதல் இறக்கத்தில் கேமராவை அணைத்தே வைப்பது நல்ல உளவியல்.

அந்த வீடியோவும் உண்மையைச் சொல்வதில்லை. அகலக்கோண லென்ஸ் தொலைவை நீட்டிக் காட்டும், பள்ளங்களைச் சிறிதாக்கும். ஓட்டுகிறவர் சரிவின் போக்கிலேயே பார்ப்பதால் கேமராவும் அப்படியே சாய்கிறது. நாற்காலியில் அமர்ந்து பார்ப்பவரின் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குச் சரிவு என்ற செய்தியே போகாது. 2018-இல் ஹீரோ 7 கொண்டுவந்த அதிர்வுநீக்கம் மிச்சமிருந்த குலுக்கலையும் துடைத்துவிட்டது. நேரில் வயிற்றைப் பிசையும் இறக்கம் திரையில் சைக்கிள் பழகும் பிள்ளைகூட இறங்கிவிடக்கூடிய பாதையாகத் தெரிகிறது. எடுத்தவருக்கே ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும், அடுத்த வாரம் பிரேக்கைத் தாமதமாகப் பிடிப்பார். பைக் பார்க்குகளில் பாதை தொடங்கும் இடத்தில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று பலகை நட்டிருப்பார்கள். சராசரிச் சரிவு, உச்சச் சரிவு, பாதையின் அகலம், தரை, தடைகள் என்று நேரில் பார்த்துத் தரம் பிரிப்பது வழக்கம். யூடியூபில் பார்த்த பாதைக்கு அந்தப் பலகை கறுப்பு வைரம் என்று சொன்னால், பலகை சொல்வதுதான் சரி.