குதிரைக்கு முடி வெட்டும் கிளிப்பர்: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

இங்கிலாந்து, அயர்லாந்து போன்ற குளிர் நாடுகளில் பகல் நேரம் குறையத் தொடங்கியதும் குதிரைகளுக்கு அடர்த்தியான குளிர்கால முடி வளர்கிறது. மேய்ச்சலில் நிற்கும் குதிரைக்கு அது நல்ல போர்வை. ஆனால், தினமும் சவாரிக்குப் போகும் குதிரைக்கு அதனால் அதிகம் வியர்க்கும். நனைந்த முடி சீக்கிரம் காயாததால் உடல் குளிர்ந்து, குதிரை மெலியும். அதனால் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை உடல் முடியை வெட்டி, போர்வை போர்த்துகிறார்கள்.

இதற்கான கிளிப்பரை விலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சிறிய மிஷினில் பெரிய வேலை வாங்கினால் பிளேடு சூடாகித் தோலைச் சுடும். ஒருமுறை சூடுபட்ட குதிரை, அடுத்த முறை மிஷின் சத்தம் கேட்டாலே மிரளும்.

எந்த மிஷின்?

முகம், காது ஓரம், கால்களுக்குச் சிறிய டிரிம்மர் போதும். அதை வைத்து முழு உடலையும் வெட்ட முயல வேண்டாம். ஒன்றிரண்டு குதிரைகள் வைத்திருப்பவர்களுக்கு நடுத்தர மிஷின் ஏற்றது. லாயம் நடத்துபவர்களுக்கும், முடி மிக அடர்த்தியான மட்டக்குதிரை வைத்திருப்பவர்களுக்கும் அதிகத் திறன் கொண்ட மிஷின் தேவை. முழு உடலை வெட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். எனவே, எடையும் பிடிமானமும் கைக்கு ஒத்துவருகிறதா என்று பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கரண்டா, பேட்டரியா?

கரண்ட் மிஷின் பாதியில் நிற்காது. ஆனால், குதிரை ஒயரை மிதிக்கும் ஆபத்து உண்டு, ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு இல்லாத இணைப்பில் பயன்படுத்தவே கூடாது. பேட்டரி மிஷினில் ஒயர் தொல்லை இல்லை. சத்தம் குறைந்த மாடல்கள் மிரளும் குதிரைக்கு நல்லது. கூடுதலாக ஒரு பேட்டரி வைத்துக்கொள்வது அவசியம்.

பிளேடு

உடல் முடிக்கு அகலமான பிளேடு வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, சுமார் 2 முதல் 3 மி.மீ. முடியை விட்டு வெட்டும் நடுத்தர பிளேடு ஏற்றது. அதைவிட நெருக்கமாக வெட்டினால் கோடுகள் தெரியும், தோலும் கீறலாம். மேல், கீழ் பிளேடுகளை எப்போதும் ஜோடியாகவே சாணை பிடிக்க வேண்டும். அதற்கான வசதியும் உதிரி பாகங்களும் அருகில் கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள்.

பயன்படுத்தும்போது...

* குதிரையைக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். அழுக்கும் ஈரமும் பிளேடை மழுக்கும்.
* 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடுக்கு ஆயில் விடுங்கள். காற்றுத் துவாரத்தில் அடைத்த முடியை அகற்றுங்கள்.
* பிளேடைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குதிரைக்கும் சுடும். உடனே நிறுத்தி ஆறவிடுங்கள்.
* முடி வெட்டுப்படாமல் இழுத்தால் அழுத்தி ஓட்டாதீர்கள். பிளேடின் இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். அப்படியும் இழுத்தால் பிளேடை மாற்றுங்கள்.