ஏர்கோனில் ஏன் இந்தக் காலுறை வாடை?

பள்ளி முடிந்து காரில் ஏறுகிறீர்கள். அப்பா ஏர்கோனைப் போட்டதும் குளிருக்கு முன்பே ஒரு வாடை வந்து முகத்தில் அடிக்கிறது. ஈரக் காலுறையை இரண்டு நாள் பைக்குள் போட்டுவைத்தது போன்ற வாடை. சற்று நேரத்தில் அது குறைந்துவிடும். மறுநாள் மறுபடியும் வரும்.

இதற்கு நம் ஊரில் ஆளுக்கொரு மருந்து உண்டு. சிலர் வாசனைப் புட்டியைத் தொங்கவிடுவார்கள். சிலர் பண்டான் இலையைக் கட்டாகக் கட்டிப் பின்னிருக்கைக்கு மேலே வைப்பார்கள். பண்டானுக்கும் பாஸ்மதி அரிசிக்கும் மணம் தருவது ஒரே வேதிப்பொருள்தான். அதனால் காரில் ஏறியதும் சிலருக்குப் பசிகூட எடுக்கலாம்! ஆனால் வாடை பிறக்கும் இடத்துக்கு அந்த மணம் போய்ச் சேர்வதே இல்லை.

அந்த இடம் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பட்டறையில் அதைக் 'கூலிங் காயில்' என்பார்கள்; தமிழில் ஆவியாக்கி. மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் ஊடே ஓடும் குழாய்களுக்குள் குளிர்பொருள் ஆவியாகி, சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். விசிறி அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாகக் காற்றைத் தள்ளும்.

ஐஸ் மைலோ குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆவியாக்கியும் அப்படித்தான் வியர்க்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 10 பாகைக்குக் குளிர்வித்தால் அதனால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்க முடியும். மீதி ஏறக்குறைய 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர், தகடுகளின் மேல் துளித்துளியாகப் படியும். உண்மையில் ஏர்கோன் பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் தாள்கள் விரிந்து சுருங்கித் தொல்லை தந்தன. அதற்குத் தீர்வாகத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் தம் இயந்திரத்தை வடிவமைத்தார்.

படிந்த நீர் ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். நிறுத்திய காரின் கீழே தெரியும் அந்தத் தெளிந்த நீரைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வெளியே வராத நீருக்குத்தான்.

இன்ஜினை நிறுத்தியதும் விசிறி நின்றுவிடும். தகடுகளோ இன்னும் நனைந்தே இருக்கும். இருட்டு, ஈரம், வெயிலில் நின்ற காரின் கதகதப்பு, தகடுகளில் ஒட்டிய தூசு, மகரந்தம், நம் தோலிலிருந்து உதிர்ந்த செதில்கள்! பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் இதைவிட நல்ல விருந்து ஏது? அவை வழவழப்பான படலமாகப் பரவி, தின்று, நாற்றமுள்ள கரிமச் சேர்மங்களை வெளியிடுகின்றன. குளியலறையின் ஈரமான இடங்களில் இளஞ்சிவப்பாகப் படரும் மெத்திலோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வகை, கார் ஆவியாக்கிகளிலும் கண்டறியப்பட்டுள்ளது.

சரி, வாடை ஏன் முதலில் கடுமையாக வந்து பிறகு குறைகிறது? தேங்கியிருந்த வாயுக்களை விசிறி ஒரே மூச்சில் வெளியே தள்ளிவிடுகிறது. அடுத்து, புதிதாகப் படியும் நீர் அந்தப் படலத்தை மூடிக்கொள்கிறது. மூன்றாவது காரணம் நம் மூக்கு. ஒரே வாடையைத் தொடர்ந்து முகர்ந்தால் அது பழகிவிடும். ஆகவே, 'வாடை போய்விட்டது' என்று அப்பா சொன்னால் அப்படியே நம்பாதீர்கள்; இடையில் ஏறும் நண்பரைக் கேளுங்கள். சிக்னலில் இன்ஜின் தானாக நின்றுவிடும் கார்களில் தகடு சூடேறி உலரத் தொடங்கும்போது வாடை மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு.

உலர்த்துவதுதான் மிக மலிவான தடுப்பு. வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை அணைத்துவிட்டு, விசிறியை மட்டும் வேகமாக ஓடவிடச் சொல்லுங்கள். வியர்க்கும்தான். ஆனால் ஈரம் பெருமளவு காய்ந்துவிடும். கார் நின்ற பிறகும் விசிறியைத் தானாகவே சிறிது நேரம் ஓட்டி உலர்த்தும் வசதி சில புதிய கார்களில் உள்ளது.

அடுத்து கேபின் ஃபில்டர். பல கார்களில் இது முன்பயணியின் முழங்காலுக்கு எதிரே உள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த இலையும் கருந்தூசும் இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. புகைமூட்டக் காலத்துக்குப் பிறகு கட்டாயம் பார்க்க வேண்டும். ஏற்கெனவே படிந்துவிட்ட படலத்துக்கு ஃபில்டர் போதாது. நுரை மருந்து தெளித்தோ டேஷ்போர்டைக் கழற்றியோ ஆவியாக்கியைக் கழுவ வேண்டும். அது பட்டறை வேலை. காரின் கீழே தண்ணீர் சொட்டாமல் முன்பக்கக் கால்விரிப்பு மட்டும் நனைந்திருந்தால், வடிகுழாய் அடைத்திருக்கக்கூடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். பூஞ்சை வித்துகள் மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடியவை.

எல்லா வாடையும் பூஞ்சை அல்ல. பெட்ரோல் வாடையோ கருகல் வாடையோ வந்தால் காரைப் பாதுகாப்பாக நிறுத்தி இறங்கிவிட வேண்டும். உள்ளே புகை வாடை வந்தால் சன்னல்களைத் திறந்து, உடனே பட்டறையில் காட்ட வேண்டும். அந்தப் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நிறுத்திய காரில் ஏர்கோனை ஓடவிட்டுத் தூங்குவது ஆபத்து என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான்.