உங்களுக்குத் தெரியுமா? தைக்கத் தெரிந்த சிட்டு!

சித்திரை வெயில் ஏறுமுன் தோட்டத்தில் அகன்ற இலைச் செடிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஓரங்கள் சேர்ந்து பை போல மடிந்த இலை தெரிந்தால், அநேகமாக அது தையல்சிட்டின் வேலை! 10 கிராம் அளவுகூட எடை வராத இந்தப் பறவையில் தைப்பது பெண்தான். கூரிய அலகால் இலை விளிம்பில் துளையிட்டு, பஞ்சு இழையையோ சிலந்தி நூலையோ அதில் செருகும். துளைக்கு வெளியே இழையின் நுனி பிசிறாக விரிந்து நிற்பதால் தையல் நழுவாது. துளைகள் மிகச் சிறியவை. இலை வாடாமல் பச்சையாகவே இருக்கும். கூடு எளிதில் கண்ணில் படாததற்கு அதுவே காரணம். உள்ளே, மெத்தென்ற பஞ்சில், பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டைகள். சுமார் 12 நாளில் குஞ்சு பொரிந்ததும் தாயும் தந்தையும் புழு பூச்சி கொண்டுவந்து ஊட்டும்.

செடியைக் கவாத்து செய்யுமுன் தைத்த இலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் கிளையை ஒரு மாதம் விட்டுவையுங்கள்.