வேலையும் வேண்டும், எழுத்தும் வேண்டும்



சென்ற தீபாவளி விடுமுறையில் தேயிலைத் தோட்டத்து அன்பர் ஒருவர், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பயிலும் தம் மகளை என் இல்லத்திற்கு அழைத்து வந்தார். "ஐயா, இன்னும் சில மாதத்தில் படிப்பு முடிகிறது. வேலைக்கு மனுப் போடு என்றால், கதை எழுதப் போகிறேன் என்கிறாள். கதை எழுதினால் அரிசி வாங்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு வந்த ஒரு மாணவனிடம், "முதலில் வேலையைப் பார், எழுத்து பிறகு" என்று சொல்லி அனுப்பினேன். அவன் வேலையைப் பார்த்தான். பேனாவை மறுபடி எடுக்கவேயில்லை. அவன் பாட்டி சொன்ன பெரட்டுக் களத்துக் கதைகள் அந்த அம்மாளோடு போய்விட்டன. அந்தக் குறை என் மனத்தில் இன்றும் உண்டு. ஆகவே இம்முறை ஆராய்ந்து பதில் சொன்னேன்.

நம் நாட்டில் தமிழ் எழுத்து மட்டும் சோறு போடுவது அரிது. பெரும்பாலும் எழுத்தாளரே தம் செலவில் நூலை அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் அன்பர்கள் தரும் தொகையைக் கொண்டு அச்சகத்துக் கடனை அடைக்கிறார். ஆனால் வேலை பார்ப்பவர்கள் எழுத முடியாது என்பது தவறு. நம் இலக்கியத்தை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்களே. ரெ. கார்த்திகேசு வானொலி, தொலைக்காட்சியில் பணிபுரிந்து, பின்னர் பினாங்கில் பேராசிரியராக இருந்தபடியே நாவல்கள் படைத்தார். சயாம் மரண இரயிலைப் பற்றி 'நினைவுச் சின்னம்' எழுதிய அ. ரெங்கசாமி பள்ளித் தலைமையாசிரியர். கோ. புண்ணியவானும் ஆசிரியரே. வேலை தேடிப் போன ஏழைத் தமிழர்கள் நம் பகாங் மாநிலத்தில் கொத்தடிமைகளான கொடுமையை அவர் 'செலாஞ்சார் அம்பாட்' நாவலாக்கினார். அவர் எழுதியிராவிட்டால் இன்றைய இளைஞருக்கு அது தெரிந்திருக்குமா?

இவர்கள் தாமாக முளைத்து விடவில்லை. பயிற்சியும் களமும் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' கதை வகுப்பே நடத்தியது. 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றம் வழியாக இளையோரை எழுத வைத்தது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்று போனது. எனினும் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியும், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் இலக்கியப் போட்டியும் இளையோர் பலருக்கு வாசலாக அமைந்தன.

ஆகவே அந்தப் பெண்ணிடம் மூன்று செய்திகள் சொன்னேன். முதலாவது, இறுதித் தேர்வு வரை காத்திராமல் இப்போதே மனுக்களை அனுப்பு. ஆசிரியப் பணி, வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை, மொழிபெயர்ப்பு எல்லாம் தமிழ் அறிந்தவருக்கு உரியவை. அவை கிடைக்கும் வரை வேறு நேர்மையான வேலையும் இழிவன்று. இரண்டாவது, வேலை கிடைத்த பின்னும் நாள்தோறும் ஒரு பக்கமாவது எழுது. மூன்றாவது, தெரிந்ததை எழுது. 1929இல் போ தோட்டம் தோன்றிய நாள்தொட்டு இம்மலையில் நம்மவர் கூடை சுமந்தனர். இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர். கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. லயத்து வாழ்க்கையையும் ஆயாக் கொட்டகையையும் அறிந்த மூத்தோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்களிடம் இன்றே கேட்டு எழுதாவிட்டால் நாளை கேட்க ஆளில்லை.

தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகளிடம், "உன் அப்பாயிக்கு எண்பத்தொன்று ஆகிறது. அவரிடமே தொடங்கு" என்றார்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாம் கல்லூரியில் சேர்வதற்கு உதவுகிறோம். படிப்பை முடித்து வேலை தேடும் மாதங்களில் பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கோலாலம்பூர் செல்ல ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலையிறங்க வேண்டும். பேருந்துக் கட்டணம், ஓர் இரவுத் தங்கல், நல்ல உடை ஒன்று – இவை சிறு செலவுகள். ஆனால் இல்லாதவர்க்குப் பெருந்தடைகள். இதற்கென ஒரு சிறு நிதியும், நூல் வெளியீட்டிற்கு மண்டபத்தைக் கட்டணமின்றித் தருவதும் குழுவின் பரிசீலனைக்கு வைத்துள்ளேன். தங்கள் ஆதரவை நாடுகிறேன்.