தளத்தில் கோடு போடும் ரோபோ: ஒரு மென்பொருள் புதுப்பிப்பு சுவரை இடம் மாற்றிவிடுமா?

கைப்பேசிக்கு வரும் மென்பொருள் புதுப்பிப்பில் பிழை இருந்தால், அடுத்த புதுப்பிப்பில் அது சரிசெய்யப்பட்டுவிடும். சுவர் எங்கே வர வேண்டும் என்பதைக் கட்டடத்தின் தரையில் அச்சிட்டுக் காட்டும் ரோபோவுக்கு இது பொருந்தாது. தவறான கோட்டின் மீது சுவர் எழும்பிவிட்டால், அதைத் திருத்த இன்னொரு புதுப்பிப்பு போதாது, கடப்பாரைதான் வேண்டும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய கட்டுமானத் தளங்களில் இத்தகைய ரோபோக்கள் சில ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுக்கு மென்பொருள் புதுப்பிப்புகள் ஏன் தேவைப்படுகின்றன, அவை எதையெல்லாம் மாற்றக்கூடும், கட்டுமானப் பொறியாளர்கள் எவ்வகைக் காப்பு முறைகளைக் கையாள வேண்டும் என்பன குறித்த விளக்கம் இது.

ரோபோ செய்யும் வேலை என்ன?

கான்கிரீட் தளம் போடப்பட்ட பின், சுவர், கதவு, குழாய், மின்பெட்டி ஆகியவை அமையும் இடங்களை வரைபடத்தைப் பார்த்துத் தரையில் குறிக்க வேண்டும். 'மார்க்கிங்' எனப்படும் இப்பணியை டேப், மூலைமட்டம், வண்ணப்பொடி தோய்த்த நூல் ஆகியவற்றைக் கொண்டு தொழிலாளர்களே செய்து வந்துள்ளனர். இருவர் இரு முனைகளில் நூலைப் பிடித்து இழுத்துச் சுண்டினால் தரையில் கோடு விழும். பெரிய கட்டடங்களில் சுவர் எழுப்புவோர், குழாய் பதிப்போர், மின்பணியாளர்கள், குளிர்சாதனப் பணியாளர்கள் எனப் பல தரப்பினர் தனித்தனியே குறியிடுவதால் ஒருவர் குறி மற்றொருவர் குறியுடன் முரண்படுவது உண்டு.

இப்பணியை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சியில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரைச் சேர்ந்த டஸ்டி ரோபோட்டிக்ஸ் நிறுவனம் 2018-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் 'ஃபீல்டுபிரிண்டர்' ரோபோ ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர் துல்லியத்துடன் அச்சிடும் என அந்நிறுவனம் கூறுகிறது. அச்சுப்பொறித் தயாரிப்பில் புகழ்பெற்ற ஹெச்பி நிறுவனம் 2022 செப்டம்பரில் 'சைட்பிரிண்ட்' என்ற ரோபோவை அறிவித்தது. ஹூஸ்டன் நகரின் ரக்டு ரோபோட்டிக்ஸ் நிறுவனமும் இத்துறையில் உள்ளது.

கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை சரியாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மில்லிமீட்டர் அளவு துல்லியத்துக்கு அது போதாது. எனவே முக்காலியில் நிறுத்தப்படும் 'டோட்டல் ஸ்டேஷன்' என்ற நில அளவைக் கருவி பயன்படுத்தப்படுகிறது. முன்னரே அளந்து வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கொண்டு அக்கருவி முதலில் தன் இடத்தை அறிந்துகொள்ளும். பின்னர் ரோபோவின் மேல் பொருத்தப்பட்ட பட்டகத்தை ஒளிக்கதிரால் தொடர்ந்து கண்காணித்து, ரோபோ எங்கே இருக்கிறது என்பதை அதற்கே தெரிவித்துக்கொண்டிருக்கும். ரோபோ நகர்ந்தபடியே மையால் கோடுகளையும் எழுத்துகளையும் தரையில் அச்சிடும்.

மென்பொருள் எங்கெல்லாம் உள்ளது?

பார்வைக்கு இது ஒரே ரோபோ. ஆனால், ஒரு கோடு தரையில் விழுவதற்கு முன் குறைந்தது நான்கு மென்பொருள்களைக் கடந்து வருகிறது.

முதலாவது, வடிவமைப்பாளரின் கணினியில் உள்ள வரைபட மென்பொருள். இரண்டாவது, தளப் பொறியாளர் கையில் உள்ள டேப்லெட் செயலி. மூன்றாவது, ரோபோவின் சக்கரங்களையும் மை முனையையும் இயக்கும் உள் மென்பொருள். நான்காவது, டோட்டல் ஸ்டேஷன் கருவியின் மென்பொருள். வரைபடக் கோப்புகள் இணையச் சேவையகம் வழியாக அனுப்பப்பட்டால் அது ஐந்தாவது.

இவை பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள் அல்ல. ஒவ்வொன்றும் தனக்குரிய காலத்தில் புதுப்பிக்கப்படுகிறது. ரோபோவில் எந்த மாற்றமும் செய்யாதபோதும், வரைபட மென்பொருளின் புதிய பதிப்பு கோப்பை எழுதும் முறையை மாற்றினால் தரையில் விழும் அச்சு மாறக்கூடும்.

புதுப்பிப்புகள் எதற்காக?

பெரும்பாலான புதுப்பிப்புகள் பயனுள்ளவை. சில தவிர்க்க முடியாதவை. ரோபோ எந்தக் கோட்டை முதலில் போட்டு, எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு மேம்பட்டால், அதே தளத்தைக் குறைந்த நேரத்தில் முடிக்கலாம். தூணோ தொழிலாளியோ இடையில் வந்து டோட்டல் ஸ்டேஷனின் பார்வை மறைக்கப்படும்போது, ரோபோ ஊகத்தில் தொடர்ந்து செல்லாமல் நின்று காத்திருக்கவும் தளத்தின் விளிம்பையோ திறந்த குழியையோ கண்டதும் நிற்கவும் மென்பொருளே வழிசெய்கிறது. வளைவுகளைச் சீராக அச்சிடுவது, புதிய கோப்பு வடிவங்களைப் படிப்பது ஆகியவையும் புதுப்பிப்பின் வழியே வருகின்றன.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. மருத்துவமனை, தரவு மையம், வங்கி போன்றவற்றின் முழு வரைபடமும் ரோபோவின் நினைவகத்தில் இருக்கும். மென்பொருளில் உள்ள ஓட்டை அடைக்கப்படாவிட்டால் அந்த வரைபடம் பிறர் கைக்குச் செல்ல வாய்ப்புண்டு.

பிழை எங்கே நுழைகிறது?

ரோபோவில் பட்டகம் ஓரிடத்திலும் மை முனை வேறோரிடத்திலும் உள்ளன. டோட்டல் ஸ்டேஷன் அளப்பது பட்டகத்தின் இடத்தை. கோடு விழுவதோ மை முனையின் இடத்தில். இவ்விரண்டுக்கும் இடையேயான தூரத்தை மென்பொருள்தான் கணக்கிட்டு ஈடுசெய்கிறது. புதுப்பிப்பின்போது இந்த அளவுத்திருத்த மதிப்பு அழிந்து தொழிற்சாலை மதிப்புக்குத் திரும்பினால் எல்லாக் கோடுகளும் விலகும்.

எடுத்துக்காட்டாக, மை முனையின் இடம் பக்கவாட்டில் 2 மில்லிமீட்டர் தவறாகக் கணக்கிடப்படுகிறது என வைத்துக்கொள்வோம். கிழக்கு நோக்கிச் செல்லும்போது கோடு ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் விலகும். மேற்கு நோக்கித் திரும்பும்போது எதிர்ப்பக்கம் 2 மில்லிமீட்டர் விலகும். இதனால் எதிரெதிர்த் திசைகளில் போடப்பட்ட இரு கோடுகளுக்கு இடையேயான அளவில் 4 மில்லிமீட்டர் வேறுபாடு ஏற்படும்.

அளவு அலகிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் நீண்டகாலம் இருவகை 'அடி' வழக்கில் இருந்தன. 1959 முதல் பொதுப் பயன்பாட்டில் உள்ள சர்வதேச அடி சரியாக 0.3048 மீட்டர். நில அளவைக்கெனத் தொடர்ந்து பயன்பட்ட அளவை அடியோ ஒரு மீட்டரை 1,200-ஆல் பெருக்கி 3,937-ஆல் வகுத்தால் கிடைப்பது. வேறுபாடு பத்து லட்சத்தில் இரண்டு பங்கு மட்டுமே. 300 அடி நீளக் கட்டடத்துக்குள் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால், மாநில அளவிலான ஆயத்தொலைவுகள் இருபது லட்சம் அடி போன்ற பெரிய எண்களில் எழுதப்படும்போது, அதே வேறுபாடு 4 அடியாகப் பெருகுகிறது. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே அளவை அடி 2022 இறுதியுடன் அதிகாரப்பூர்வப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. எனினும் பழைய கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளதால், எந்தக் கோப்பு எந்த அடியில் உள்ளது என்பதை மென்பொருள் சரியாக உணர வேண்டியுள்ளது.

இவ்விரு பிழைகளில் 4 அடிப் பிழை அவ்வளவு ஆபத்தானதன்று. கோடு தூணின் மேல் ஏறி நிற்பதைப் பார்த்ததும் எவரும் வேலையை நிறுத்திவிடுவர். 4 மில்லிமீட்டர் பிழையை எவரும் பார்ப்பதில்லை.

நேர்த்தியான கோடு தரும் நம்பிக்கை

கையால் போட்ட கோடு சற்றுக் கோணலாக இருந்தால், அடுத்து வருபவர் டேப்பை எடுத்து மீண்டும் அளப்பார். ரோபோ போட்ட கோடு மெல்லியதாகவும் நேராகவும் இருக்கும். அருகிலேயே சுவரின் எண்ணும் அளவும் அச்சாகியிருக்கும். தவறான இடத்தில் விழுந்தாலும் அதன் நேர்த்தி குறைவதில்லை. எனவே அதை மீண்டும் அளந்து பார்க்க எவருக்கும் தோன்றாமல் போகலாம்.

இந்த நம்பிக்கைக்குத் தரவேண்டிய விலை பெரிது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளின்படி, கதவைத் திறந்த நிலையில் வழியின் அகலம் குறைந்தது 32 அங்குலம் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி வட்டமாகத் திரும்பும் இடத்தின் விட்டம் 60 அங்குலம் இருக்க வேண்டும். வடிவமைப்பாளர் குறைந்தபட்ச அளவையே வரைந்திருந்தால், சில மில்லிமீட்டர் இழப்புகூட அந்த அறையை விதிமீறலாக்கிவிடும். முறுக்கேற்றிய எஃகு வடங்கள் பதிக்கப்பட்ட கான்கிரீட் தளங்களில் நிலைமை இன்னும் தீவிரமானது. குழாய்க்காகத் துளையிடும் இடம் தவறி வடம் அறுபட்டால், அதில் தேங்கியுள்ள இழுவிசை திடீரென விடுபடும். தொழிலாளியின் உயிருக்கும் தளத்தின் வலிமைக்கும் அது ஆபத்து.

எப்போது, எப்படிப் புதுப்பிப்பது?

ஒரு தளத்தில் குறியிடும் பணி பாதி முடிந்த நிலையில் மென்பொருளைப் புதுப்பிப்பதைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது. அவ்வாறு செய்தால் ஒரே தளத்தில் இருவேறு பதிப்புகளின் கோடுகள் கலந்துவிடும். ஒரு மாடி முடிந்து அடுத்த மாடி தொடங்கும் முன் உள்ள இடைவெளியே புதுப்பிப்புக்கு ஏற்ற நேரம்.

புதுப்பித்த பின் மூன்று எளிய சோதனைகள் பெரும்பாலான பிழைகளை வெளிக்கொணரும்.

* ஒரே கோட்டை இரு திசைகளிலிருந்தும் அச்சிடச் செய்தல். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மை முனையின் பக்கவாட்டுக் கணக்கு சரி.

* 3 மீட்டர், 4 மீட்டர் பக்கங்கள் கொண்ட செங்கோணத்தை அச்சிட்டு, எதிர்ப்பக்கத்தை எஃகு டேப்பால் அளத்தல். அது சரியாக 5 மீட்டர் இருக்க வேண்டும். கொத்தனார்கள் மூலை சரிபார்க்கக் கையாளும் அதே முறை இது.

* தளத்தின் தொலைவான இரு மூலைகளில் குறியிட்டு, அருகிலுள்ள கட்டுப்பாட்டுப் புள்ளியிலிருந்து அவற்றின் தூரத்தை அளத்தல். அலகுப் பிழையும் இடப்பெயர்ச்சியும் இதில் தெரிந்துவிடும்.

இச்சோதனைகளில் அளப்பதற்கு அதே ரோபோவையோ அதே செயலியையோ பயன்படுத்தக் கூடாது. பிழை உள்ள மென்பொருள் தன் பிழையைத் தானே சரியெனக் காட்டும்.

முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வசதி இருக்கிறதா என்பதையும் முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும். எந்த நாளில், எந்த மென்பொருள் பதிப்பில், வரைபடத்தின் எந்தத் திருத்தத்தைக் கொண்டு எந்தப் பகுதி அச்சிடப்பட்டது என்ற பதிவும் தேவை. பின்னாளில் ஒரு சுவர் விலகியிருப்பது தெரியவந்தால், வேறு எந்தச் சுவர்களைச் சோதிக்க வேண்டும் என்பதை அந்தப் பதிவே காட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

புதுப்பிப்பே பாதிப்பாக மாறும் என்பதை 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட ஒரு பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பயண அட்டைகள் கையால் எழுதித் தரப்பட்டன. முதலில் சில கருவிகளுக்கு அனுப்பிச் சோதித்த பின்னரே அனைவருக்கும் அனுப்ப வேண்டும் என்ற பாடத்தை அந்நிகழ்வு வலியுறுத்தியது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். மென்பொருள் உள்ள பொருள்களுக்குப் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு ஆதரவு வழங்குமாறு அச்சட்டம் தயாரிப்பாளர்களைப் பணிக்கிறது. தொழில்நுட்ப ரீதியில் இயலும் இடங்களில், பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் புதிய வசதிகளுக்கான புதுப்பிப்புகளிலிருந்து பிரித்து வழங்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

கட்டுமானத் தளத்துக்கு இப்பிரிவு முக்கியமானது. ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை உடனே ஏற்றுக்கொண்டு, கோடு போடும் முறையை மாற்றும் புதுப்பிப்பை மாடி முடியும்வரை தள்ளிவைக்க இதனால் இயலும்.

இந்தியாவுக்கு என்ன பொருள்?

இந்தியாவில் பெருந்திட்டங்களில் டோட்டல் ஸ்டேஷன் வழக்கமான கருவியாகிவிட்டபோதும், சுவர்களுக்கான மார்க்கிங் பெரும்பாலும் டேப்பையும் நூலையுமே நம்பியுள்ளது. வரைபடம் மில்லிமீட்டரிலும் விற்பனை சதுர அடியிலும் நடக்கும் நாட்டில், அலகு மாற்றம் அன்றாடக் கணக்கின் ஒரு பகுதி. இத்தகைய ரோபோவை வாடகைக்கோ விலைக்கோ பெற எண்ணும் ஒப்பந்ததாரர், அதன் வேகத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: புதுப்பிப்பை எப்போது ஏற்பது என்பதை யார் முடிவு செய்வது, பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா, தவறான கோட்டால் இடித்துக் கட்ட நேர்ந்தால் செலவு யாருடையது. இவற்றுக்கான விடைகள் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருப்பது நல்லது.

ரோபோ வந்த பிறகும் தளத்தில் எஃகு டேப்புக்கு வேலை இருக்கும். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னரும் முதல் கோட்டை அளந்து பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதன் மீது எழுந்த சுவரை இடித்துக் கட்டப் பல நாள்கள் ஆகும்.