ஹிமாவும் ஹரீமும்: ஊனுண்ணிகளின் வழியுரிமை

பூமியில் நடமாடும் உயிர்களும் சிறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனத் திருக்குர்ஆன் (6:38) அறிவிக்கின்றது. அங்கு இடம்பெறும் 'உமம்' என்பது 'உம்மத்' என்னும் சொல்லின் பன்மையாகும். நமக்கே உரியதென்று நாம் கருதிப் பழகிய சொல்லை இறைவன் விலங்கினங்களுக்கும் வழங்கியிருக்கின்றான். ஆட்டையும் புறாவையும் அவ்வட்டத்தில் சேர்ப்பது எளிது. ஊனுண்ணும் சிறுத்தையைச் சேர்க்கும்போதே உள்ளம் தயங்குகின்றது.

இத்தயக்கம் 2024 ஏப்ரலில் நம் வட்டாரத்தின் வாசலுக்கே வந்தது. மயிலாடுதுறையில் சிறுத்தை தென்பட்ட சில நாள்களில் அரியலூர் மாவட்டம் செந்துறையிலும் அதன் நடமாட்டம் அறியப்பட்டது. கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூர் தொடங்கி வடக்கே செந்துறை வரை நெல்வயல், கரும்பு, முந்திரித் தோப்பு, சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை என்றே நிலம் விரிகின்றது. இத்தகைய இடத்திற்குக் காட்டு விலங்கு வருவானேன்?

புலியும் சிறுத்தையும் பரந்த எல்லை வேண்டுபவை. வளர்ந்த குட்டி, குறிப்பாக ஆண், தாயின் எல்லையை விட்டுத் தனக்கென ஓர் இடம் தேடிப் புறப்படும். அவ்வாறு புறப்படாவிடில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழ்ந்து இனம் நலியும். இடையிலுள்ள காட்டைச் சாலையும் தோட்டமும் குடியிருப்பும் துண்டாடியிருப்பதால், அப்பயணம் நம் ஊர்களின் வழியே நிகழ்கின்றது. தமிழகத்தில் 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 76ஆக இருந்த புலிகள் 2022இல் 306 ஆயின. சிறுத்தைகள் 1,070 என மதிப்பிடப்பட்டன. எண்ணிக்கை பெருகியபோதும், ஒரு காட்டிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் வழி குறுகி வருகின்றது.

பிடித்து வேறொரு காட்டில் விட்டுவிடலாமே எனச் சிலர் வினவுவர். மராட்டிய மாநிலம் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் 2003 வரை அவ்வாறே செய்தனர். அதற்கு முன் ஆண்டிற்குச் சராசரியாக 4ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல்கள் 17ஆக உயர்ந்ததை வித்யா ஆத்ரேயா குழுவினரின் ஆய்வு காட்டியது. பழகிய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட விலங்கு, அறியாத ஊர்களிடையே அலைவதே அதன் விளைவு. மாறாக, வழிவிட்ட இடங்களில் பயன் கிடைத்துள்ளது. பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஊடறுக்கும் நெடுஞ்சாலையில் விலங்குகள் கடக்க 9 கீழ்வழிகளும் பாலங்களும் அமைக்கப்பட்டன; 2019இல் அவற்றை 11 புலிகள் பயன்படுத்தியது கேமராக்களில் பதிவாயிற்று. பந்திப்பூரில் 2009இலும், சத்தியமங்கலம் காப்பகத்தின் திம்பம் சாலையில் 2022இலும் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது.

இவ்வழியுரிமை இஸ்லாமியச் சட்டவியலுக்குப் புதிதன்று. ஒருவர் கிணறு வெட்டினால் அதன் வாய் மட்டும் அவருடையதாகாது. கால்நடைகள் வந்து நீரருந்தச் சுற்றிலும் 40 முழ நிலம் அதன் 'ஹரீம்' என்பர் ஹனஃபி அறிஞர். பிறர் அதை ஆக்கிரமித்தால் கிணறு இருந்தும் பயனில்லை. வழியை இழந்த காட்டின் நிலையும் அதுவே.

இதனால் மனித உயிர் மலிவாகிவிடாது. பாயும் விலங்கைக் கொன்று தற்காத்துக்கொள்வதை ஷரீஅத் அனுமதிக்கின்றது. ஆயினும் இஹ்ராம் நிலையிலிருப்பவர் தம்மீது பாயாத ஊனுண்ணியைக் கொன்றால் பரிகாரம் கடமையென்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் பரிகாரமில்லை. ஊனுண்ணி என்பதாலேயே அதன் உயிர் கணக்கற்றதாகிவிடுமா என்பதை நம் முன்னோர் எத்துணை நுணுகி ஆய்ந்தனர் என்பதற்கு இக்கருத்து வேறுபாடே சான்று. சிறுத்தைத் தோலை இருக்கையாக்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள்.

எஞ்சி நிற்கும் கேள்வி, இப்பாதுகாப்பின் சுமையை ஏற்பவர் யார் என்பதே. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் பந்தலூரில் மூன்று வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அப்பெற்றோரிடம் 'உமம்' என்பதன் பொருளை மட்டும் விளக்கிவிட்டு அகல்வது நீதியாகாது.

இதற்கு உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் வழிகாட்டுதல் உண்டு. 'ஹிமா' என்பது பொதுநலனுக்காக ஒதுக்கப்பட்ட நிலம். நபி (ஸல்) அவர்கள் நகீஉ என்னுமிடத்தையும், உமர் (ரலி) அவர்கள் ரபதாவையும் அவ்வாறு ஒதுக்கினார்கள். ஹிமாவின் காவலராக ஹுனையை நியமித்தபோது, சில ஒட்டகங்களும் ஆடுகளும் மட்டுமே உடையவர்களை உள்ளே விடுமாறும், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப், உஸ்மான் பின் அஃப்பான் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தவிர்க்குமாறும் கலீஃபா பணித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. செல்வரின் கால்நடை அழிந்தால் அவருக்குத் தோப்பும் வயலும் உண்டு; எளியவரின் கால்நடை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு அரசிடம் வந்து நிற்பார் என்பதே அவர்கள் கூறிய காரணம்.

இன்று காட்டோரம் ஆடு மேய்ப்பவரும் தேயிலை பறிப்பவரும் அந்த எளியவரின் இடத்தில் நிற்கின்றனர். அவர்களின் ஆட்டிற்குத் தாமதமற்ற இழப்பீடும், குடியிருப்பிற்கு விளக்கும் கழிப்பறையும், குழந்தைகளுக்குக் காவலும் அளிப்பது அரசின் கடமை. விலங்கின் வழியை மறிக்கும் சொகுசு விடுதிகளையும் நெடுஞ்சாலைகளையும் கட்டுப்படுத்தாமல், ஏழையின் மேய்ச்சலை மட்டும் தடுத்துப் பெறும் காடு ஹிமா ஆகாது.