'ஒரு கோடுகூட நேரா வராதுங்க' என்பவர்களும் ஓவியம் கற்கலாம்: எப்படித் தொடங்குவது?

பெரியவர் ஒருவரிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து ஏதாவது வரையச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை. வானத்தில் 'டிக்' அடித்தது போல நாலு பறவை.

சின்ன வகுப்பில் கற்றுக்கொண்ட படம் அது. பலருக்கு ஓவியம் அங்கேயே நின்றுபோனது. டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று வருடங்கள் ஓடிவிட்டன. நாற்பதிலோ அறுபதிலோ திடீரென்று ஆசை திரும்பி வருகிறது. கூடவே தயக்கமும் வருகிறது: "இந்த வயசுல நமக்கெல்லாம் வருமா?"

வரும். ஆனால், கற்க வேண்டியது எது என்பதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

குறை கையிலா, கண்ணிலா?

"எனக்கு ஒரு கோடுகூட நேரா வராதுங்க" என்று சொல்பவர், தினமும் காலையில் வாசலில் பதினைந்து புள்ளி சிக்குக் கோலத்தை அளவு பிசகாமல் இழுத்து முடிப்பவராக இருக்கலாம். துணியில் சாக்பீஸால் கழுத்து வளைவைக் குறிக்கும் தையல்காரராக இருக்கலாம். கையெழுத்துப் போடத் தெரிந்த யாருக்கும் பென்சிலை ஆளும் கை ஏற்கெனவே இருக்கிறது.

சிக்கல் பார்ப்பதில் இருக்கிறது. 'தென்னை' என்றதும் மூளை ஓர் அடையாளத்தை எடுத்து நீட்டிவிடுகிறது: ஒரு தண்டு, மேலே ஐந்தாறு ஓலை, பச்சை நிறம். எதிரே நிற்கும் மரத்தை விட்டுவிட்டு அந்த அடையாளத்தையே கை வரைகிறது. உண்மையில் உச்சி வெயிலில் ஓலை வெள்ளையாகப் பளபளக்கும், அடிப்பக்கம் மஞ்சள் கலந்திருக்கும், காய்ந்த மட்டை பழுப்பாகத் தொங்கும்.

இந்தப் பழக்கத்தை உடைக்க அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ், 1979-ல் வெளியான தன் நூலில் ஒரு பயிற்சியைப் பிரபலமாக்கினார். ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து, அப்படியே பார்த்து வரைவது. தலைகீழாக இருக்கும்போது 'இது மூக்கு, இது காது' என்று மூளை பெயர் வைக்கத் திணறும். கோட்டின் வளைவும் இடைவெளியும்தான் கண்ணுக்குத் தெரியும். இதற்கு அவர் தந்த வலது மூளை, இடது மூளை விளக்கத்தை இன்றைய நரம்பியல் அப்படியே ஏற்பதில்லை. பயிற்சி மட்டும் ஓவிய வகுப்புகளில் இன்றும் தொடர்கிறது.

தாமதமாகத் தொடங்கியவர்கள்

ரவீந்திரநாத் தாகூர் அறுபது வயதைக் கடந்த பிறகே தீவிரமாக வரையத் தொடங்கினார். கையெழுத்துப் பிரதிகளில் அடித்துவிட்ட சொற்களை ஒன்றோடொன்று இணைத்து உருவங்களாக்கியதில் பிறந்த ஆர்வம் அது. 1930-ல் பாரிஸில் அவரது ஓவியக் கண்காட்சி நடந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை விட்டுச் சென்றார்.

வின்ஸ்டன் சர்ச்சில் தூரிகை எடுத்தது 1915-ல், 40 வயதில். போர்க்காலத் தோல்வியால் கடற்படை அமைச்சர் பதவியை இழந்து மனம் சோர்ந்திருந்த நேரம். வெற்றுக் கேன்வாஸைக் கண்டு பயந்து, மொச்சை அளவுக்கு ஒரு நீலப் புள்ளி வைத்துவிட்டுத் தயங்கி நின்றதாக அவரே பின்னர் எழுதினார். ஓவியம் தெரிந்த தோழி ஒருவர் வந்து, பிரஷ்ஷை வாங்கி நாலு வீச்சு வீசிக் காட்டிய பிறகே பயம் விலகியதாம்.

அமெரிக்காவின் 'கிராண்ட்மா மோசஸ்' ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். மூட்டுவலியால் ஊசி பிடித்து எம்பிராய்டரி செய்ய முடியாமல் போனபோது, எழுபதுகளின் பிற்பகுதியில் ஓவியத்துக்கு மாறினார். 101 வயதில் இறக்கும்வரை புகழோடு இருந்தார்.

எல்லோருக்கும் இந்தப் புகழ் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டியதில்லை. மூவருமே வேறு வேலைகளில் பல வருடங்கள் வாழ்ந்த பிறகு ஓவியத்தைத் தொடங்கியவர்கள் என்பதே கவனிக்க வேண்டியது.

எந்த வண்ணம் வாங்கலாம்?

* வாட்டர்கலர்: செலவும் இடமும் குறைவு. ஆனால் எளிது என்று நினைக்க வேண்டாம். தவறை மறைப்பது கடினம். வெள்ளை தேவைப்படும் இடத்தில் தாளையே விட்டுவைக்க வேண்டும்.
* அக்ரிலிக்: தண்ணீரில் கரையும், சீக்கிரம் காயும். பிடிக்காததன் மேலேயே மறுபடி தீட்டலாம். புதியவர்களுக்கு வசதி. பிரஷ்ஷை உடனே கழுவாவிட்டால் கட்டியாகிவிடும்.
* ஆயில்: காய நாள்கணக்கில் ஆகும் என்பதால் நிதானமாகத் திருத்தலாம். டர்பன்டைன் நெடி இருப்பதால் காற்றோட்டமான இடம் வேண்டும்.

48 நிறப் பெட்டி வேண்டாம். மஞ்சள், சிவப்பு, நீலம், ஒரு பழுப்பு, ஒரு வெள்ளை போதும். கலந்து பார்ப்பதுதான் பாடம். ட்யூபிலிருந்து நேராக எடுத்த பச்சை பிளாஸ்டிக் போலத் தெரியும். அதில் துளி சிவப்பைச் சேர்த்தால் இலைக்கு நெருங்கி வரும். பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் தாள். வாட்டர்கலருக்கு 300 ஜி.எஸ்.எம். தாள் நல்லது. மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் சுருண்டு நெளியும், பழி நம் கைமேல் விழும்.

முதல் மாதம் என்ன வரைவது?

ஒரு கத்தரிக்காய். ஜன்னலோரம், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி வையுங்கள். கண்ணை லேசாக இடுக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சம், நிழல், பளபளப்பு, தரையில் விழும் நிழல் என நாலு பகுதிகள் தெரியும். முதல் வாரம் பென்சிலில் அந்த நாலையும் வரையுங்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு நிறத்தில். அதற்கப்புறம் எல்லா வண்ணங்களிலும். வாரத்தில் மூன்று நாள், அரைமணி நேரம் போதும்.

ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி எழுதி வையுங்கள், எதையும் கிழித்துப் போடாதீர்கள். குழந்தை தான் வரைந்ததைப் பார்த்துத் தானே மகிழும். பெரியவருக்கு நல்ல படம் எதுவென்று தெரியும், கைக்கு அது வர நாளாகும். அந்த இடைவெளிதான் பலரையும் சில வாரங்களில் விட்டுவிட வைக்கிறது. முதல் கத்தரிக்காயையும் பன்னிரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அதற்கு மருந்து.

வகுப்பில் சேர்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: பொருளைப் பார்த்து வரையச் சொல்கிறார்களா, ஆசிரியரின் படத்தை நகலெடுக்க மட்டும் சொல்கிறார்களா? நகல் அழகாக வரும். கண் பழகாது.

மனசுக்கு என்ன கிடைக்கும்?

அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 39 பெரியவர்கள் 45 நிமிடம் கலை வேலையில் ஈடுபட்டனர். சுமார் 75 சதவீதம் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் ஹார்மோன் குறைந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை. சிறிய ஆய்வுதான், இதை வைத்து ஓவியம் நோய்க்கு மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால், பலன் பெற நல்ல ஓவியராக இருக்கத் தேவையில்லை என்பது அதில் தெரிகிறது.

'இதை விக்கலாமே?'

நாலு படம் சுமாராக வந்ததும் வீட்டில் யாராவது இப்படிக் கேட்பார்கள். அன்போடு கேட்பதுதான். ஆனால் அன்றிலிருந்து 'யாருக்குப் பிடிக்கும்?' என்ற கணக்கு உள்ளே வந்துவிடும். சம்பளம், மார்க், ரேங்க் என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்டியே பழகியவருக்கு, யாருக்கும் காட்டத் தேவையில்லாத வேலை ஒன்று வேண்டும். காட்டித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், பத்தாவது படத்துக்கு அப்புறம் காட்டுங்கள். அதற்குள், சமையலறைக்குப் போகும் கத்தரிக்காயில் ஊதாவுக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று நீங்களே நின்று பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள்.